ஏரிக்கரையில் கூம்புக் கூடாரம்: குடும்பத்தோடு தங்க

இடம்தான் பாதி வேலை. தண்ணீரிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி, சற்றே மேடான தரையாகப் பாருங்கள். பள்ளத்தில் அடித்தால் இரவு மழை படுக்கைக்கே வந்துவிடும். கூடாரக் கயிற்றைத் தரையில் பிடித்து நிறுத்தும் முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஈர மணலில் குட்டை முளை காற்றுக்கு உருவிக்கொண்டு வரும். நீளமான, அகன்ற முளையே நிற்கும்.

பெரிய தொல்லை ஈரம்தான். குளிருக்குப் பயந்து உச்சித் திறப்பை மூடினால், மூச்சுக்காற்றின் ஈரம் துணியின் உட்புறம் முத்து முத்தாகத் திரண்டு விடியும்போது போர்வையில் சொட்டும். உச்சியையும் அடியோரத்தையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். மெத்தை துணிச்சுவரிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கட்டும்.

கரி அடுப்பை, அணைந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே கொண்டுவரவே கூடாது: கரியிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை, கரையோரம் விளையாடும்போதும்.