தொற்றுநோய்க் காலத்தில் கடற்கரை ஊர்: செய்தி சேர்ப்பதும் உயிர் காப்பதும்

முதல் வேலை ஊர்க்கூட்டம். நோய் எங்கோ தூரத்தில் இருக்கும்போதே கூட்டத்தைப் போட்டு மூன்று விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்: வெளியிலிருந்து வரும் தகவலை யார் கேட்டு வாங்குவது, ஊருக்கு யார் சொல்வது, எத்தனை மணிக்குச் சொல்வது. இதற்குப் பத்துப் பேர் போதும். வார்டு உறுப்பினர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி பணியாளர், மீனவர் சங்கத்தில் ஒருவர், மகளிர் குழுவில் இரண்டு பேர், கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றிலும் மைக் யார் கையில் இருக்கிறதோ அவர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவதால் ஊருக்குள் சொல்லும் எதுவும் அவர்கள் காதுக்கு வராது.

தகவல் வாங்குபவர் தினமும் ஒரே நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும். நோய் எப்படிப் பரவுகிறது என்பதுதான் முதல் கேள்வி. காற்றில் பரவுகிறதா, தண்ணீரிலா, கொசுவாலா, தொடுவதாலா என்பது தெரிந்தால்தான் மற்ற வேலைகளுக்கு அர்த்தம் உண்டு. சுகாதார நிலையம் எடுக்காவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண். ஊரடங்கு, போக்குவரத்து, நிவாரணம் பற்றியென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கேட்டதை ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்னவர் யார் என்பதோடு எழுதி வைக்க வேண்டும். விதிமுறை வாரத்துக்கு வாரம் மாறும். போன மாதத்து விதியை இன்றைக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு.

நம் ராமநாதபுரம் கரைக்கென்றே சில குழப்பங்கள் உண்டு. இலங்கை வானொலி இங்கே தெளிவாகக் கேட்கும். அதில் சொல்லும் ஊரடங்கு அந்த நாட்டுக்கு; தமிழில் சொல்வதால் நமக்கென்று நினைத்துவிடுகிறார்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் துபாய்க்குச் சரியாக இருக்கலாம், நமக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படி வந்ததைச் சுகாதார நிலையத்தில் கேட்காமல் ஊர்க் குழுவில் போடாதீர்கள். 2020-இல் ஈரானில் கொரோனாவுக்கு மருந்து என்று நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதுவும் ஒருவர் சொல்லி இன்னொருவர் நம்பியதுதான். கபசுரக் குடிநீர் குடிப்பவர் குடிக்கட்டும். பரிசோதனைக்குப் போகாமல் இருக்க அது காரணமாகிவிடக் கூடாது.

ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இரண்டு தடவை படிக்க வேண்டும். இப்படி:

“செவ்வாய்க்கிழமை மாலை அறிவிப்பு. நாளை புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் முகாம். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வரவும். படகு கரைக்கு வரத் தாமதமானால் மாலையில் துணை சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். சொல்வது ஊராட்சி அலுவலகம்.”

கிழமை, இடம், நேரம், யாருக்கு, வர முடியாதவர் என்ன செய்வது, சொல்வது யார் என்ற ஆறும் இருக்கிறதா என்று படிப்பதற்கு முன் பாருங்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றிலும் ஒரே தாளைப் படிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னால் மூன்று வதந்தி கிளம்பும். தண்டோரா வேண்டாமென்று அரசு 2022-இல் சொல்லிவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டினால் போதும். பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 எஃப்எம் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் சமுதாய வானொலியின் எல்லை சிறியது. தொண்டிக்கும் வாலிநோக்கத்துக்கும் அது எட்டாது.

காலை ஏழு மணிக்கு அறிவிப்பு வைத்தால் ராத்திரித் தொழிலுக்குப் போனவர்கள் கடலில் இருப்பார்கள். அதனால் படகு கிளம்பும் முன்பு மாலையில் ஒன்று, கரைக்கு வந்த பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் இடம் இதற்கு மிக நல்ல இடம். கிளம்பும் ஒவ்வொரு படகிலிருந்தும் ஒருவராவது அங்கே வந்தே ஆக வேண்டும். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு சம்மாட்டி (படகு உரிமையாளர்) மூலம் சொல்லலாம். கரையை விட்டுத் தூரம் போனதும் செல்போன் சிக்னல் போய்விடும் என்பதால் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

காற்றில் பரவும் நோயென்றால் மீன் ஏலம் நடக்கும் இடம்தான் ஊரிலேயே ஆபத்தான இடம். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கத்தி விலை கேட்கிறார்கள். உரக்கக் கத்தும்போது வாயிலிருந்து தெறிப்பதும் அதிகம். ஏலம் கூறுபவருக்குச் சின்ன மைக் கொடுத்தால் அவரும் கத்த வேண்டாம், கேட்பவர்களும் நெருங்கி வர வேண்டாம். மீன் கூறுகளுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவே கயிறு கட்டுங்கள். கூரைக்கு அடியில் நடத்துவதை விட மணலில் வெட்டவெளியில் நடத்துவது நல்லது. படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறக்காமல் அரை மணி இடைவெளியில் இறக்கலாம். இதற்கு எதிர்ப்பு வரும், ஏனென்றால் முதலில் இறக்குபவருக்கு நல்ல விலை கிடைக்கும். தினமும் வரிசையைச் சுழற்றினால் சண்டை குறையும்.

முகக்கவசம் மீன் தண்ணீரில் நனைந்துவிட்டால் மூச்சு விட முடியாது. உடனே மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். அதனால் ஆளுக்கு மூன்று வேண்டும், காய்ந்தவை ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். படகில் எப்போதும் அதே ஆட்களே போக வேண்டும். ஒருநாள் இந்தப் படகு, மறுநாள் அந்தப் படகு என்று மாறினால் ஒரு நோயாளி போதும், ஊரெல்லாம் பரவிவிடும். குடிக்க ஒரே டம்ளரைப் பயன்படுத்தாமல் ஆளுக்கொரு பாட்டில் கொண்டு போகட்டும்.

கை கழுவச் சொல்வது சுலபம், ஆனால் இங்கே நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனை நன்றாகக் கழுவி, மூடிக்குக் கீழே அரைச் சாண் தள்ளி, சூடு காட்டிய ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். கைப்பிடியில் ஒரு குச்சியை நுழைத்து இரண்டு கவைக்கம்புகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். கேனின் கழுத்தில் கயிறு கட்டி, கீழே ஒரு கட்டையில் முடிந்து, காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஒழுகும். கையால் எதையும் தொட வேண்டாம், தண்ணீரும் வீணாகாது. ஓட்டையைப் பெரிதாகப் போட்டால் கேன் சீக்கிரம் காலியாகும், நிரப்ப ஆள் வராமல் இரண்டே நாளில் கைவிடப்படும். பக்கத்தில் சோப்பை வலைத்துண்டில் கட்டித் தொங்கவிட்டால் காக்கை தூக்காது. இருபது விநாடி தேய்க்க வேண்டும்.

கிருமி நீக்கும் பிளீச்சிங் பவுடர் பற்றி: 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அளவை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கடற்காற்று பட்ட மூட்டை வீரியம் இழந்துவிடும், அதனால் வாங்கியதும் மூடி இறுக்கிய டப்பாவில் போடுங்கள். கழிவறை ஆசிட்டோடு சேரவே கூடாது, விஷவாயு வரும். ஆள் மேல் தெளிப்பது கொடுமை. தெருவில் தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2020-இல் சொன்னது. அந்தப் பணத்துக்கு முகக்கவசம் வாங்கலாம்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் தனி அறை கேட்பார்கள். நம் வீடுகளில் பாதிக்குத் தனி அறையே இல்லை. அப்போது காற்றைப் பயன்படுத்துங்கள். எதிரெதிர் ஜன்னல், கதவைத் திறந்து, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி நடுவில் வையுங்கள். புகை எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்த வாசலோரம் நோயாளியின் பாயைப் போடுங்கள், மற்றவர்கள் காற்று உள்ளே வரும் பக்கம் இருக்கட்டும். பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று என்று திசை மாறும். சாயங்காலம் ஒரு தடவை மறுபடி பார்த்துப் பாயை மாற்ற வேண்டும். மழை இல்லாவிட்டால் திண்ணை இன்னும் நல்லது. ஓலை வீட்டில் காற்று தானாகப் போய்வரும். ஜன்னலைச் சாத்திவைத்த கான்கிரீட் வீட்டில்தான் சிக்கல்.

மூச்சைத் தாக்கும் நோயென்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஊருக்கு இரண்டாவது வேண்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு விரலில் மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலையாக நிற்கும்வரை பாருங்கள். ஐஸ் அள்ளிய கை குளிர்ந்திருந்தால் தவறாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். கறுத்த தோலில் உண்மையை விட ஒன்றிரண்டு கூடுதலாகக் காட்டக்கூடும், எல்லையில் இருக்கும் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 94-க்குக் கீழே போனாலே 108-ஐ அழையுங்கள். 90-க்கு இறங்கட்டும் என்று காத்திருக்க நமக்கு நேரமில்லை: ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், தீவிலிருந்து ஆம்புலன்ஸ் வெளியேற பாம்பன் சாலைப்பாலம் ஒன்றுதான். எண் எதுவாக இருந்தாலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், உதடு நீலமாவது, எழுப்பினால் எழாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு அடையாளமாகத் தெருப்பெயரோடு கோயிலையோ ஐஸ் கம்பெனியையோ சொல்லுங்கள். ஒருவர் மெயின் ரோட்டில் நிற்கட்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், தனியாக வாழும் முதியவர்கள், போன் இல்லாத வீடுகள், இந்தப் பட்டியலைச் செவிலியர் மட்டும் வைத்திருக்க வேண்டும். நோயாளியின் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. உரிய அதிகாரி உத்தரவில்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. ஒட்டினால் என்ன நடக்கும்? அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைப்பார், மீன் வியாபாரம் போய்விடும் என்ற பயத்தில் பரிசோதனைக்கே வரமாட்டார். அடைபட்ட வீட்டுக்கு அரிசி, குடிதண்ணீர், மாத்திரை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டு வருவதுதான் நோயை வெளியே சொல்லவைக்கும்.

தடுப்பூசி வந்ததும், தொழிலுக்குப் போகாத நாளில் இறங்குதளத்திலேயே முகாம் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலம் இன்னும் வசதி. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தக் காய்ச்சலே வதந்தியாகும்.

நோய் அலை ஓய்ந்ததும் ஆக்சிமீட்டரின் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். மீந்த பிளீச்சிங் பவுடரைக் குடிநீர்த் தொட்டிக்கு ஊராட்சியில் கொடுத்துவிடுங்கள். சுவரில் எழுதிய போன் எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள், ஆள் மாறியிருந்தால் அன்றே எண்ணை மாற்றி எழுதுங்கள்.