கண்ணாடி மணி விரிசல் விடாமல் ஆற நர்சரி வெர்மிகுலைட்

டார்ச் தீயில் கம்பியின் மேல் உருட்டிய கண்ணாடி மணியை அந்தக் கம்பியோடு சூடான வெர்மிகுலைட்டில் (செதில் செதிலான லேசான தாது) புதைத்துவிடுங்கள். செடி நட நர்சரியில் விற்கும் அதே பொருள்தான்; நம் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஃபலபோர்வா பக்கம் வெட்டியெடுப்பது, டர்பனில் பை பையாகக் கிடைக்கும். பழைய ஸ்லோ குக்கரில் கொட்டி, ‘ஹை’யில் ஒரு மணி நேரம் முன்பே சூடாக்கி வையுங்கள். லோட் ஷெடிங்கில் கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது.

மணியின் மேற்பரப்பு வேகமாக ஆறிச் சுருங்கும், உள்ளே சூடு அப்படியே நிற்கும். அந்த இழுபறியில்தான் ‘டிக்’ என்று விரிசல் விழுகிறது. வெர்மிகுலைட் செதில்களுக்குள் அடைபட்ட காற்று சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். சிவப்பு முழுக்க மங்கிய பிறகே புதையுங்கள், இல்லாவிட்டால் செதில் ஒட்டி மணி சொரசொரப்பாகிவிடும்.

பெரிய மணி, தட்டையாக அழுத்தியது, விற்கப்போவது எதற்கும் இது மட்டும் போதாது. ஆறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, உள்ளிறுக்கத்தைப் போக்காது. அதற்குப் பிறகு சூளையில், சோடா லைம் கண்ணாடியானால் சுமார் 500 டிகிரி செல்சியஸில் வைத்து, படிப்படியாக இறக்கித்தான் ஆகவேண்டும். வெர்மிகுலைட்டைக் கொட்டும்போது தூசு கிளம்பும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.