பழைய உடுப்பைப் படம் எடுக்கும்போது முற்றத்து மண்ணையும் கவனியுங்கள்

பாவித்த உடுப்புகளைப் பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டு விற்கிற நம் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு விசயம். படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம் என்றால் வாங்கினவர் திருப்பி அனுப்புவார், கூரியர் காசு வீண். இதற்குப் பெரும்பாலும் காரணம் கமரா இல்லை, வெளிச்சம்தான். செம்மண் முற்றத்தில் வெயில் விழுந்தால் அந்தச் சிவப்பு மேலே தெறித்து வெள்ளைச் சேர்ட்டிலும் ஏறிவிடும், மாமர நிழலில் எடுத்தாலோ இலைப்பச்சை ஒட்டிக்கொள்ளும். அதனால் காலை 8, 9 மணிபோல, நேர் வெயில் படாத விறாந்தைச் சுவரில் உடுப்பை ஹாங்கரில் மாட்டி, கீழே ஒரு வெள்ளைப் பெட்சீற்றை விரித்துவிட்டு எடுங்கள். அது மண்ணின் நிறத்தை மறைப்பதோடு உடுப்பின் கீழ்ப்பக்கத்துக்கும் வெளிச்சம் கொடுக்கும். பிளாஷ் வேண்டாம். மின்குமிழையும் அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் எது வெள்ளை என்று போனுக்குப் பிடிபடாது.

கறுப்பு உடுப்பைப் போன் சாம்பலாகக் காட்டும், வெள்ளையை மங்கலாக்கும். திரையில் உடுப்பைத் தொட்டால் அநேகமான போன்களில் சூரியக் குறி ஒன்று வரும், கறுப்புக்கு அதைக் கொஞ்சம் கீழே, வெள்ளைக்கு மேலே இழுத்தால் சரி.

அப்புறம் முன், பின், கழுத்து லேபல். கறையோ தையல் பிரிவோ இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அதன் அளவு விளங்கும். எம், எல் என்பதெல்லாம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், ஆகவே உடுப்பை இழுக்காமல் தட்டையாக விரித்து, ஒரு கமக்கட்டிலிருந்து மற்றக் கமக்கட்டு வரை அளவு நாடாவை வைத்து அதையும் ஒரு படம் போடுங்கள்.