மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தை கேஸ் ஸ்டடி முறையில் மதிப்பிடுவது எப்படி?

பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கும், மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் களப்பணியாளர்களுக்கும் இந்தப் பதிவு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மாவட்ட சுகாதார அலுவலகத்தின் கடிதம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் பலர் திணறுகிறார்கள்.

எடுத்துக்காட்டு, நமக்கெல்லாம் தெரிந்த மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, விரைவிலேயே மாநிலம் முழுக்கப் பரவியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறார். மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார். பிசியோதெரபி, வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகள் ஆகியவையும் இதில் உண்டு. திட்டம் இல்லாத மாவட்டமே இல்லை என்றான பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவை எங்கே தேடுவது? தவிர, கொல்லிமலையில் நடப்பதும் திருப்பூரில் நடப்பதும் பெயரளவில்தான் ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில்தான் கேஸ் ஸ்டடி, அதாவது சில இடங்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் ஆழமாக ஆராயும் முறை, கைகொடுக்கும்.

1. கேள்வியை மாற்றுங்கள்

‘திட்டம் வெற்றியா?’ என்று கேட்காதீர்கள். ‘வீட்டுக்கு வந்த மாத்திரை எங்கே, யாருக்கு, எந்த வழியாக பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்தது? எங்கே வழியில் நின்றுபோனது?’ என்று கேளுங்கள். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் இருப்பிலிருந்து கிளம்பி நோயாளியின் வாய்க்குப் போகும் வரை உள்ள கண்ணிகளை ஒரே தாளில் வரையுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம்.

2. எது ‘கேஸ்’?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மாவட்டத்தை ஒரு கேஸாக எடுத்தால் எல்லாம் சராசரியில் கரைந்துவிடும். ஒரு நோயாளியை எடுத்தால் அவர் கதை மட்டும் மிஞ்சும். திட்டம் கண்ணில் படாது. ஊரகப் பகுதியில் துணை சுகாதார நிலையம்தான் சரியான அளவு என்பது என் உறுதியான கருத்து. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. தன்னார்வலர், கிராம சுகாதார செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர் மூவரும் சந்தித்துக்கொள்வது அங்கேதான். மாத்திரை தடைபட்டால் யாரிடம் தடைபட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிவதும் அங்கேதான்.

எல்லையை மூன்று விதமாகப் போடுங்கள். இடம்: எந்தெந்தக் குக்கிராமங்கள். காலம்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை. ஆட்கள்: வீட்டில் மாத்திரை பெறுபவர்கள் மட்டுமா, பட்டியலில் பெயர் இருந்தும் தனியார் மருந்துக் கடையில் வாங்குபவர்களும் சேர்த்தா? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திட்டத்துக்கு வெளியே நின்றவர்களைச் சேர்க்காவிட்டால், அவர்கள் ஏன் வெளியே நின்றார்கள் என்பது கடைசிவரை தெரியாது.

தொடக்கக்காரர்களுக்கு நான்கு கேஸ் போதும். அவற்றை அதிகாரிகள் கைகாட்டும் இடங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் நன்றாக நடக்கும் இடத்தைத்தான் சொல்வார்கள். வட்டாரத்தில் உள்ள துணை சுகாதார நிலையங்களை பிரஷர் கட்டுப்பாட்டு விகிதப்படி (நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது) வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து இரண்டு, கீழிருந்து இரண்டு.

3. பதிவேட்டை நம்பும் முன்

அந்த வரிசையே பதிவான அளவுகளை வைத்துத்தான் வருகிறது. ஆகவே பிரஷர் அளவுகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 120/80, 130/80 என்று சுழியமாகவே குவிந்திருந்தால், அளந்து எழுதியதா, உத்தேசமாக எழுதியதா என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சில வீடுகளில் நீங்களே அளந்து பார்த்த பிறகு வரிசையை முடிவு செய்யுங்கள். தன்னார்வலரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். கருவியில் பேட்டரி தீர்ந்து பல வாரம் ஆகியிருக்கலாம்.

4. களம்

தன்னார்வலரோடு ஒரு முழுநாள் நடங்கள். பேட்டி அதற்குப் பிறகு. ‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘சாப்பிடுறேன்’ என்பார்கள். ‘போன தடவை குடுத்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுறீங்களாம்மா?’ என்று கேளுங்கள். அட்டையில் மிச்சம் இருப்பதை எண்ணினால் பேச்சு தானாக வரும்: தலைசுற்றல், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது, நாட்டு மருந்துக்கு மாறியது, எல்லாமே.

ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் சரிபாருங்கள். நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேடு, தன்னார்வலரின் நோட்டு, வீட்டில் உள்ள அட்டை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இருப்பில் இருந்திருக்கிறது, நோட்டில் கொடுத்ததாக இருக்கிறது, வீட்டில் இல்லை என்றால், அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வின் மையம்.

5. ‘வேறு காரணமா?’

இதைத் தவிர்த்தால் கேஸ் ஸ்டடி வெறும் வெற்றிக்கதை ஆகிவிடும். 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். பிறகு ஏறிய அளவுக்கெல்லாம் இந்தத் திட்டமே காரணமா? தொற்றாநோய்ப் பிரிவுகள் அரசு மருத்துவமனைகளில் 2012 முதலே விரிவாக்கப்பட்டுவந்தன. கொரோனா முடக்கத்தில் நின்றுபோனவர்கள் திரும்ப வந்ததாலும் எண்ணிக்கை ஏறியிருக்கலாம். இந்தப் போட்டிக் காரணங்களையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் உண்மையானால் களத்தில் என்ன தடயம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறியுங்கள்.

வலுவான தடயம் ஒன்று சொல்கிறேன். தன்னார்வலர் பணியிடம் சில மாதம் காலியாக இருந்த துணை சுகாதார நிலையத்தைத் தேடுங்கள். அந்த மாதங்களில் நோயாளிகளின் பிரஷர் ஏறி, புதியவர் வந்ததும் இறங்கியிருந்தால், அதே நேரம் நிலையத்தில் மாத்திரை இருப்பு குறையாமல் இருந்திருந்தால், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே வேலை செய்கிறது என்று துணிந்து சொல்லலாம். காலி மாதங்களில் எதுவும் மாறவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

6. கருவிகள்

நான்கு கேஸுக்கு என்விவோ என்ற விலைகொடுத்து வாங்கும் பேட்டி ஆய்வு மென்பொருளுக்காகக் கடன் பட வேண்டாம். ஒரு விரிதாள் போதும்: கேஸ்கள் வரிசையாக, முதல் படியில் வரைந்த கண்ணிகள் பத்தியாக. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வரிச் சான்று, அது எந்தப் பேட்டியில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற குறிப்பு. பேட்டிகளுக்குக் குறியீடு இட, அதாவது எந்த வரி எதைப் பற்றியது என்று அடையாளம் போட, டகெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பேட்டியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் குறியீடு போடுவதை நான் ஏற்பதில்லை; ‘உடம்பு அசதியா இருக்கு’ என்பதில் உள்ள பாதி விஷயம் அங்கேயே போய்விடும்.

பின்சேர்க்கை

இதை முதலில் வெளியிட்டபோது வாசகர்கள் எழுப்பிய இரண்டு சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன்.

ஒன்று, பகலில் வேலைக்குப் போகும் ஆண்கள். தன்னார்வலர் வரும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. நீங்களும் அதே நேரத்தில் போனால் உங்கள் ஆய்விலும் இருக்க மாட்டார்கள். 2024-இல் பணியிடங்களுக்கும் திட்டத்தை விரிவாக்கினார்கள். ஆகவே ஒவ்வொரு கேஸிலும் சில பேட்டிகளை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள், ஆலை இருக்கும் ஊரென்றால் பணியிடத்தையும் எல்லைக்குள் சேருங்கள்.

மற்றொன்று, பெயரை மறைப்பது. ஒரு துணை சுகாதார நிலையத்தில் தன்னார்வலர் பெரும்பாலும் ஒருவர்தான். ஊர்ப்பெயரை எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும், வேலைக்கே ஆபத்து வரலாம். எனவே அறிக்கையில் ஊர்ப்பெயர், வட்டாரப் பெயர் இரண்டையும் நீக்கி, ‘மலைக்கிராமம் அ’, ‘ஆலைப்பகுதி ஆ’ என்று எழுதுங்கள். வரைவை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் அந்தத் தன்னார்வலரிடம் படித்துக்காட்டி, அவர் நீக்கச் சொல்லும் வரியை நீக்குங்கள்.