டெபியனில் அறிவியல் மென்பொருள் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆரல்வாய்மொழிக் காற்றின் வேகத்தை அலச ஒரு மென்பொருள் கிடைக்கிறது. நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் மாணவர் அதைத் தன் லேப்டாப்பில் ஓட வைத்துவிடுகிறார். சரி, இதை டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் சேர்த்தால் எல்லாருக்கும் உதவுமே என்று தோன்றுகிறது. உடனே பேக்கேஜ் (டெபியனில் நிறுவுவதற்கு ஏற்ற மென்பொருள் பொதி) கட்ட உட்கார்ந்துவிடுவதுதான் முதல் தவறு. முதலில் பார்க்க வேண்டியது உரிமம்.

"கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தாலே டெபியனின் முதன்மைத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. எந்தத் துறையினரும் பயன்படுத்தத் தடை இருக்கக்கூடாது என்பது 1997-லேயே வகுத்த விதி. வாசலில் ஜிபிஎல் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமம்) என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள். 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' புத்தகத்திலிருந்து யாரோ எடுத்துப் போட்ட நிரல் இருக்கலாம். அதன் மூலநிரலை இப்படிப் பொதுவில் விநியோகிக்க அனுமதி கிடையாது. புதிய பேக்கேஜை உள்ளே விடுமுன் இதையெல்லாம் சரிபார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. அவர்கள் திருப்பி அனுப்புமுன் நாமே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது 'மார்ச் நேட்டிவ்' (-march=native) என்ற ஆப்ஷன், மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்குக் கொடுப்பது. வேகத்துக்காக அறிவியல் மென்பொருள்காரர்கள் இதை ஆசையாகச் சேர்ப்பார்கள். கட்டிய கணினியின் சிப்புக்கு ஏற்ற கட்டளைகள் அதில் புகுந்துவிடும். கல்லூரி லேபில் கிடக்கும் பழைய கணினியில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரே வரியோடு நின்றுவிடும். டெபியனுக்கு அனுப்பும்போது அதை எடுத்துவிடுங்கள்.

கட்டும் நேரத்தில் இணையத்திலிருந்து எதையும் இறக்கக்கூடாது. டெபியனில் ஏற்கெனவே உள்ள நூலகங்களின் (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளின்) நகலை உள்ளே திணிக்கவும் வேண்டாம்.

அப்புறம், விடை சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள். ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப் உள்ள கணினியில் விடையின் கடைசி இலக்கம் மாறினால், சிலர் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன். மிதவைப்புள்ளிக் கணக்கில் (தசம எண்களைத் தோராயமாக வைத்துச் செய்யும் கணக்கில்) இந்தச் சிறு வேறுபாடு வரத்தான் செய்யும். எவ்வளவு வரை ஏற்கலாம் என்று மூல ஆசிரியரிடம் கேட்டு, அந்தத் திருத்தத்தை அவருக்கே அனுப்புங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் உண்மையான பிழை.

தனியாக மல்லுக்கட்டவும் தேவையில்லை. 'டெபியன் சயின்ஸ்', 'டெபியன் மெட்' குழுக்கள் இதற்கென்றே இருக்கின்றன. அதே மென்பொருளை வேறு யாரும் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, செய்யப்போவதாக ஒரு அறிவிப்பைப் பதிந்துவிடுங்கள். புதிதாக வருபவருக்கு நேரடியாக ஏற்றும் அனுமதி இருக்காது. உங்கள் வேலையைச் சரிபார்த்து ஏற்றிவிடும் டெவலப்பரும் அநேகமாக அந்தக் குழுவிலேயே கிடைப்பார்.