மூன்று அலுமாரி, ஒரே அட்டவணை

தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ ஒரு நூலகத்தில் இருக்கும். அவருடைய படம் ஒரு நூதனசாலையில், கடிதம் ஒரு காப்பகத்தில். மூன்றும் ஒரே தேடலில் கிடைக்க என்ன செய்யலாம்? ஸ்கேனர் வாங்குவதில் மட்டும் தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஒரே கோயிலின் சிறப்பு மலர்ப் புத்தகத்தை இரண்டு இடத்தில் இரண்டு தரம் ஸ்கேன் பண்ணி முடித்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

படி 1: ஒரு சின்ன விடயத்தை எடுங்கள். மட்டக்களப்பில் என்றால் கூத்து நல்லது. அச்சு நூல் நூலகத்தில், மத்தளமும் சல்லரியும் நூதனசாலையில், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பி காப்பகத்தில். மூன்று பொறுப்பாளரும் தேத்தண்ணியோடு இருந்து ஐம்பது பொருளைத் தெரிந்தால் போதும்.

படி 2: ஒரு கூகுள் ஷீட் திறந்து எட்டு நிரல் போடுங்கள்: எண், தலைப்பு, ஆக்கியவர், இடம், காலம், வகை, எங்கே இருக்கிறது, உரிமை. பொருள்களை விவரிக்கும் டப்ளின் கோர் என்ற பொது முறையில் 15 கூறுகள் உண்டு. மற்றதை அப்புறம் பார்க்கலாம். நூதனசாலைக்காரர் அளவும் மூலப்பொருளும் கேட்பார், அவருக்குத் தனி நிரல் கொடுங்கள். காப்பகத்துத் தாள்கட்டுகளை மட்டும் பிரித்து அடுக்க வேண்டாம். எந்தக் கட்டில் எத்தனையாவது தாள் என்பதும் ஒரு தகவல்.

படி 3: பெயர்கள். பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். விபுலாநந்தர் பிறந்தபோது மயில்வாகனம். பிரமச்சாரியாக இருந்தபோது பிரபோத சைதன்யர். 1924இல் துறவேற்ற பிறகுதான் விபுலாநந்தர். அதையும் ‘விபுலானந்தர்’ என்று எழுதுவோர் உண்டு. ஊர்ப் பெயர் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்பு காரைதீவு என்றுதான் பெயர். விபுலாநந்தர் பிறந்த நம்முடைய காரைதீவோ 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஒரு பெயரைத் தலைப்பெயராக்கி, மற்றவற்றை ‘மாற்றுப் பெயர்’ நிரலில் போடுங்கள். பழைய தாளில் உள்ளதைத் திருத்த வேண்டாம்.

படி 4: இப்போது ஸ்கேன். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), மூலம் டிஃப் (TIFF) கோப்பாக, பார்வைக்கு ஜேபெக் (JPEG). கோப்பின் பெயர் அட்டவணை எண்ணாகவே இருக்கட்டும். ஒரு பிரதி கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2004 கடலை நாம் மறக்கவில்லை.

படி 5: உரிமை. இலங்கையில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். 1947இல் மறைந்த விபுலாநந்தரின் எழுத்துக்கு அது முடிந்துவிட்டது. பிந்திய பதிப்பின் முன்னுரை வேறொருவருடையது, அதைத் தனியாகப் பாருங்கள். வீட்டுக் கொப்பி என்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

படி 6: ஏற்றுங்கள். நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். கட்டற்ற உரிமமுள்ள படங்கள் விக்கிமீடியா பொதுவகத்துக்குப் போகலாம். ஆளுக்கும் ஊருக்கும் விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ள எண்ணை மூவரும் தங்கள் பதிவில் சேர்த்துவிட்டால் மூன்று தளமும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றன என்பது கணினிக்கும் தெரியும்.

சரி, சோதியுங்கள். ‘பிரபோத சைதன்யர்’ என்று தேடினால் யாழ் நூலும் வர வேண்டும். வரவில்லையா? படி 3க்குத் திரும்புங்கள்.