வீட்டுக்குப் பின்னாடி மான் வருதா? வேலி போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

சேலத்துல கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, குரும்பப்பட்டி பக்கம் மலையடிவாரத்துல இருக்கறவங்களுக்கு இது புதுசில்ல, மாசி பங்குனில காட்டுக்குள்ள தண்ணி வத்துச்சுன்னா புள்ளிமான் கீழ இறங்கிடும், உங்க அவரைப் பந்தலும் செம்பருத்தியும்தான் அதுக்கு விருந்து.

முதல்ல மேஞ்சது மான்தானான்னு பாருங்க. மானுக்கு மேல்தாடையில முன்பல்லு கிடையாது, அதனால கடிச்சு இழுத்துப் பிய்க்கும், தண்டு நுனி நார் நாரா தொங்கும். முயல் கடிச்சா பிளேடு வச்சு சீவுன மாதிரி சாய்வா இருக்கும், அதுவும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள்ளதான். மண்ணையே கிளறிப் போட்டிருந்தா அது பன்னி, அந்தக் கதையே வேற.

மான்தான்னு தெரிஞ்சதும் நிறைய பேர் செய்யறது ரெண்டே விஷயம், ஒண்ணு விரட்டறது, இல்லைன்னா பாவம்னு சோறு வைக்கறது. ரெண்டுமே வேணாம். அது அசை போடற பிராணி, மிச்ச சோறும் புளிச்ச மாவும் தின்னா வயிறு உப்பி செத்தே போகும். தொட்டியில தண்ணி வைக்கலாமான்னு கேப்பீங்க, வீட்டை ஒட்டி வச்சா தினமும் வரும், அது பின்னாடியே தெரு நாயும் வரும், நான் வைக்க மாட்டேன்.

வேலின்னா 8 அடியாவது வேணும், அதுக்குக் குறைச்சலா போட்டா தாண்டிடும். அவ்ளோ செலவு முடியாதுன்னா நம்ம ஊர்ல விவசாயிங்க செய்யற மாதிரி பழைய சேலையை சுத்திக் கட்டுங்க, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியலைன்னா மான் குதிக்கத் தயங்கும். மீன் வலை மட்டும் தொளதொளன்னு தொங்க விடாதீங்க, ஆண் மான் தலையைக் குனிஞ்சு உள்ள விட்டுட்டு நிமிர்ந்தா கொம்பு ரெண்டும் வலையில சிக்கிடும், அது உதற உதற இன்னும் சுத்திக்கும். கரண்ட் கம்பி பத்தி நினைக்கவே வேணாம், லைன்ல இருந்து நேரா இழுத்து விடறது குற்றம், சோலார் வேலிக்கும் 2023-ல வந்த விதிப்படி அனுமதி வாங்கணும்.

செடியில ஓரத்துக்கு ஆடாதொடை, நொச்சி, கற்பூரவல்லி நடுங்க, ரோஜாவும் கீரையும் வீட்டுச் சுவத்தை ஒட்டி உள்ள வைங்க. அழுகின முட்டையைத் தண்ணியில கரைச்சு தெளிச்சா நாத்தத்துக்கு ஒதுங்கும், ஆனா மழை பேஞ்சா மறுபடி தெளிக்கணும், உங்களுக்கும் மூக்கு இருக்குங்கறத மறந்துடாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். மான் காம்பவுண்டுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா கேட்டை முழுசா திறந்து விட்டுட்டு, நாயைக் கட்டிப் போட்டு, லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள போயிடுங்க, அது வந்த வழியில தானா போயிடும். செல்போனைத் தூக்கிக்கிட்டு பத்து பேரு சுத்தி நின்னா அது சுவத்துல முட்டும், கழுத்தை ஒடிச்சுக்கும், அடியே படாம பயத்துலயும் ஓட்டத்துலயும் கூட சாகும், பிடிச்சு காப்பாத்திட்டோம்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கும்போதே கண்ணு செருகிடும். நாய் கடிச்ச மானா இருந்தா துணியால கண்ணை மறைச்சு நிழல்ல விட்டுட்டு வனத்துறைக்கு போன் பண்ணுங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. கிணத்துல விழுந்துருந்தா 101, நீங்க கயிறு போட்டு இழுக்க வேணாம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உங்க தோட்டத்துல இருந்தா கோடைக்கு முன்னாடியே சுத்தி முள்ளாவது வெட்டிப் போடுங்க.

குட்டி தனியா புதர்ல படுத்திருந்தா அனாதைன்னு தூக்கிட்டு வராதீங்க, தாய் அங்க ஒளிச்சு வச்சுட்டு மேயப் போயிருக்கும். விழுந்து கிடக்கற கொம்பையும் எடுத்து ஷோகேஸ்ல வைக்காதீங்க, 1972 வன உயிரின சட்டப்படி அதுவும் கேஸ்தான்.

மேல ஏற்காட்டு எஸ்டேட்ல இருக்கறவங்க, ராத்திரி செடி சலசலக்குதுன்னு டார்ச் எடுத்துக்கிட்டு கிட்டப் போகாதீங்க, அங்க வர்றது காட்டுமாடா இருக்கும், ஆணு ஒண்ணு ஆயிரம் கிலோ கிட்ட வரும், ஜன்னல் வழியாவே பாத்துக்கங்க.